காகிதத்தில் நான் கட்டிய நம் வீடு

என் லெட்சுமி அக்காவுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லாமல் மறைத்த ஒன்றை இப்போது எழுதுகிறேன். இனி எழுதி என்ன பயன் என்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாயே: "பரமேஸ், நம்ம லயத்து வீட்ட ஒரு படம் எடுத்துட்டு வாயேன். பாக்கணும் போல இருக்குடி."

மறுநாளே மோட்டார் சைக்கிளில் புக்கிட் பெலண்டோக் தோட்டத்துக்குப் போனேன். நாம் பிறந்த லயத்து வீட்டு வரிசையையே இடித்துத் தள்ளியிருந்தார்கள். முழங்கால் உயரத்துக்குச் செம்பனைக் கன்றுகள். நம் வீடு எந்த இடத்தில் இருந்தது என்றுகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. இருக்கிற இடங்களைக் காகிதத்தில் சிறிதாகச் செய்து, நிஜம் போலவே படம் எடுப்பவள். லோபாக் பக்கத்துக் கடை வரிசையை அப்படி எடுத்தபோது முதலில் ஏமாந்தவளே நீதான். அந்தத் துணிச்சலில் ஆறு நாள் உட்கார்ந்து நம் வீட்டைச் செய்தேன். தகரக் கூரையின் துருவுக்குத் தேத்தண்ணிச் சாயம் பூசினேன். காலை வெயிலில் வைத்துப் படம் எடுத்தேன்.

நீ அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாய்.

"இப்ப யாருடி இருக்கா?"

"யாரோ ஒரு குடும்பம் இருக்காங்கக்கா."

"நல்லாதான் வச்சிருக்காங்க லா."

படத்தை நெஞ்சில் வைத்துக் கைகூப்பினாய். அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா நான்? நான்காம் நாள் நீ போய்விட்டாய்.

போன வாரம் உன் மகள் கவிதா ரஹாங்கில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். உன் படத்துக்குப் பக்கத்தில் அந்த வீட்டுப் படத்தையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

"சித்தி, அம்மாவோட வருஷத் திதிக்கு அந்த வீட்டு வாசல்ல ஒரு விளக்கு வைக்கணும். அங்க இருக்கறவங்ககிட்ட நீங்கதான் பேசணும்."

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "அப்போ அம்மா கும்பிட்டது வெறும் பேப்பரையா?" என்று மட்டும் கேட்டாள். படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை.

யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது அக்கா? நீயும் இல்லை, அந்த வீடும் இல்லை. இருக்கிற ஒருத்தியோ முகம் கொடுக்க மறுக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

திதியன்று ரஹாங்குக்கு வருவேன். கவிதா உள்ளே விடுவாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. தெருவில் நின்றாவது உன்னைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவேன். இந்த ஒரு வார்த்தையையாவது பொய்யாக்கமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பரமேஸ்