சார் காட்டிய சிவப்பு

ஜூலை 4, திங்கள்

அறுபத்தெட்டு வயதில் எழுதப் பழகிவிட்டேன். ஒரு வரிக்குக் கால் மணி நேரம். "கல்வெட்டா செதுக்குறீங்க?" என்கிறாள் பெண்டாட்டி. செதுக்கத்தான் செய்கிறேன், என்ன இப்போ!

பள்ளிக்கூட அறிவியல் அறையில் சோதனைக் குழாய் கழுவுகிறேன். ஸ்பிரிட்டில் அரைத்த இலைச்சாறு - சீ, குடலைப் புரட்டும் நாற்றம். அறிவியல் சார் அதை ஒரு வாரமாக ஜன்னல் வெயிலில் வைத்திருக்கிறார். பச்சையெல்லாம் போய் மூத்திரம் மாதிரி நிற்கிறது.

ஜூலை 6, புதன்

பச்சைச் சாற்றின்மேல் நீல டார்ச் அடித்தால் சிவப்பாக ஒளிருமாம். அதுதான் பாடம். வெளுத்த சாறு ஒளிரவில்லை. பிள்ளைகள் வருமுன் சார் அதில் சிவப்பு மை விட்டார்!

"வாயைத் திறக்காதீங்க பெரியவரே. நாளைக்கும் வேலைக்கு வரணுமில்ல?"

ஒரு பெண் கேட்டாள்: "சார், டார்ச்சை அணைச்சாலும் சிவப்பாவே இருக்கே?"

"பேசாம எழுது."

எழுதினாள். முப்பது பேரும் எழுதினார்கள். எழுதியிருந்தால் உண்மை என்று நம்பித்தானே இந்த வயசுல நான் படிச்சேன்? தூ!

ஜூலை 7

நானும் வாயை மூடிக்கொண்டுதானே நின்றேன்?

ஜூலை 8, வெள்ளி

புது இலை பறித்து, ஸ்பிரிட் விட்டு அரைத்து வடிகட்டினேன். அலமாரிச் சந்து இருட்டில் டார்ச் அடித்தேன். அடேயப்பா! செக்கச்செவேல். அணைத்தால் பச்சை. தனியாகச் சிரித்தேன்.

திரும்பினால் சார். வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் டார்ச்சைப் பிடுங்கி அடித்தார், அணைத்தார், மறுபடி அடித்தார்.

"பதினோரு வருஷமா நடத்துறேன். ஒரு தடவைகூட நான் இதைப் பார்த்ததில்ல."

பார்க்காமலேயே!

"பிள்ளைங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்க சார்."

டார்ச்சை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 11, திங்கள்

சார் ஜன்னலை மூடி, புதுச் சாற்றைக் காட்டினார். ஓவென்று சத்தம். "இலைக்குள்ள இருந்தா வெளிச்சத்தை வாங்கிச் சமைக்கும். அரைச்சுட்டோம், அடுப்பு போச்சு. வாங்கினதுல கொஞ்சத்தைச் சிவப்பாத் திருப்பிக் கொடுக்குது" என்றார்.

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "போன வாரம் நான் காட்டினது மை. அந்தப் பக்கத்தை அடிச்சிடுங்க."

"நான் அப்பவே கேட்டேன்ல?" என்று அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். நோட்டுகளில் சரக் சரக்கென்று கோடு விழுந்தது.

அப்புறம் முப்பது குழாய் கழுவினேன். அதே நாற்றம்தான். ஆற அமரக் கழுவினேன்.