பூனை கீறிய கை

ஆம்பூர்,
6.1.2025

அன்புள்ள மதிக்கு,

சமீருல்லாவின் சலாம். நீயும் தங்கச்சி சுந்தரியும் சுகமாக இருக்க துவா கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். என் எழுத்து உனக்குத் தெரிந்ததுதான், கோழி கிளறின மாதிரி இருக்கும். தூபா, "நான் டைப் பண்ணித் தர்றேன்பா" என்றாள். மகளிடம் சொல்லி எழுத வைக்கிற விஷயமா இது? வேண்டாம் என்றுவிட்டேன்.

போன் செய்து பயனில்லை. கழுத்தில் போட்ட குழாயை எடுத்து ஓட்டை மூடிய பிறகும் உனக்குக் காற்றுதான் வருகிறது, குரல் வரவில்லை என்று சுந்தரி சொன்னாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுகிறது, பதில் விழவில்லை. அதனால்தான் தபால்.

உன் மாமியார் வீட்டுக்கு, விரிஞ்சிபுரத்துக்கு, மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் சுந்தரி காபி கொடுத்தாள், நீ முகம் கொடுக்கவில்லை. டேனரியின் தோல் வாசனை உனக்கு ஆகவில்லையோ என்று மூன்றாம் முறை இரண்டு தரம் குளித்து, மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்த அத்தரையும் பூசிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "இன்னா பாய், கல்யாணமா?" என்று கேட்டார். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். "தூங்கறாருண்ணா" என்றாள் சுந்தரி. தூங்குகிறவன் கால் கட்டைவிரலை ஆட்டுவானா? கோபம் வந்தால் உனக்கு அந்த விரல் ஆடும் என்பது முப்பது வருஷம் கூட வேலை செய்தவனுக்குத் தெரியாதா?

நீ ஓட்டிய ஷேவிங் மிஷினில் இப்போது ஷோயப் நிற்கிறான். தோலைச் சமமாகச் சீவச் சொன்னால் மேடும் பள்ளமுமாக ஜவ்வாது மலையைச் செய்து கொடுக்கிறான். மேஸ்திரி தினமும் உன் பெயரைச் சொல்லி அவனைத் திட்டுகிறார். நான் பழையபடி தோல் ஊறிச் சுற்றும் டிரம்மில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் உன் குடல் ஓட்டையாகி, பிழைப்பாயா என்று நாங்கள் நின்றதெல்லாம் போகட்டும். வயிற்றில் மாட்டியிருக்கும் பையை எடுத்துவிட்டுக் குடலை மறுபடி உள்ளே சேர்க்க ஏப்ரலில் இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது. நீ மாட்டேன் என்கிறாயாம். சுந்தரி போனில் அழுதாள். வாழ்நாள் முழுக்கப் பையோடு இருக்கப் போகிறாயா? என்மேல் கோபம் என்றால் என்னைத் திட்டு. ஆபரேஷன் உனக்கு என்ன பாவம் செய்தது?

என் மணிக்கட்டில் என்ன காயம் என்று சுந்தரி கேட்டாள். பூனை கீறியது, ஆறிவிட்டது என்று சொல்.

உன்,
சமீர்


விரிஞ்சிபுரம்,
17.1.2025

சமீருக்கு,

பொங்கல் போனது. சர்க்கரைப் பொங்கலில் இரண்டு ஸ்பூன் கொடுத்தார்கள். அதற்கே பை நிறைந்து பேஜாராகிவிட்டது.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். எனக்கு உன்மேல் கோபம் இல்லை. பயம். அதனால்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஐ.சி.யூவில் இருந்த நாளெல்லாம் நான் டிரம்முக்குள் இருந்தேன். நம்முடைய நாலாம் நம்பர் டிரம். ஈரத் தோல்களுக்கு நடுவில் கிடக்கிறேன். டிரம் சுற்றுகிறது, புஸ்ஸென்று நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. தோல் பதனிடும் குரோம் தண்ணீர் வாய்க்குள் போய்த் தொண்டையை அடைக்கிறது. கத்தினால் சத்தம் வரவில்லை. கதவுக்கு வெளியே நீ நிற்கிறாய். "பொறுடா, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்கிறாய். கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாய்.

இது மூளைக் குழப்பம், அங்கே படுத்த பலருக்கும் வருவது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புஸ்ஸென்ற சத்தம் மூச்சு மிஷினாம். தொண்டையை அடைத்தது குழாயாம். சரி, ஒத்துக்கொண்டேன். ஆனால் அந்த முடிச்சு?

தோல் கட்டுக்கு நீ போடுவாயே, இரண்டு சுற்று சுற்றி நுனியை உள்ளே மடித்து ஒரு முடிச்சு. டேனரியில் வேறு யாருக்கும் அது வராது, எனக்கே வராது. ஒரு நாள் கண்ணைத் திறந்தேன். என் இரண்டு மணிக்கட்டிலும் அந்த முடிச்சு இருந்தது. எந்த நர்ஸுக்கு அது தெரியும்?

ஏதோ ஆராய்ச்சியில் என்னைச் சேர்த்தீர்களாம். கையெழுத்துப் போட்டது சுந்தரி. உள்ளே வந்தாலே அவளுக்குத் தலை சுற்றியதால் வெளியே உட்கார்ந்திருந்தாளாம், நீதான் உள்ளே என் கூடவே இருந்தாயாம். "சமீரண்ணன் மாதிரி உண்டா" என்று தினமும் ஓதுகிறாள். கூடவே இருந்தவன்தானே கட்ட முடியும்?

மறுபடி அந்த மேசையில் படுத்தால் மறுபடி டிரம்முக்குள்தான் கண் விழிப்பேன். அதற்குப் பை எவ்வளவோ தேவலை.

ஒரே கேள்வி கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் சொல். என்னைக் கட்டினாயா, இல்லையா?

மதியழகன்


ஆம்பூர்,
30.1.2025

மதிக்கு,

கட்டினேன்.

இந்த ஒரு வார்த்தையை எழுதப் பத்து நாள் ஆனது. இல்லை என்று எழுதினால் நீ நம்பியிருப்பாய், டாக்டரே உன் பக்கம் இல்லை. ஆனால் நீ கண்ணால் பார்த்த ஒன்றைப் பார்க்கவில்லை என்று சொல்லி உன்னைப் பைத்தியமாக்க எனக்கு மனசு வரவில்லை. டிரம் பொய். முடிச்சு நிஜம்.

அந்த ஆராய்ச்சியைப் பற்றி நர்ஸ் அமிர்தவள்ளி எனக்குப் புரியும்படி சொன்னதைச் சொல்கிறேன். முன்னெல்லாம் மூச்சு மிஷினில் இருப்பவர்களை ஆழ்ந்த மயக்கத்திலேயே வைத்திருப்பார்களாம். இப்போது மயக்க மருந்தைக் கம்மி செய்தால் சீக்கிரம் தேறலாம் என்று பார்க்கிறார்கள். ஆனால் பாதி விழிப்பில் மனசு தானாகக் கதை கட்டும், கை குழாயைப் பிடுங்கப் போகும். தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் அது குறைகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கியதில் நீ ஆள் வைத்துக்கொள்ளும் பக்கம் விழுந்தாய். கேட்டில் செக்யூரிட்டி, "நீங்க பேஷண்டுக்கு இன்னா வேணும்?" என்றான். கூடப் பிறந்தவன் என்றேன். உன் பெயரையும் என் பெயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டான்.

அக்டோபர் பதிமூன்று, ஞாயிற்றுக்கிழமை. தூபாவுக்கு நிச்சயம். பெண்ணைப் பெற்றவன் இல்லாமல் எப்படி என்று வீட்டில் கௌசர் அழுதாள். நாலு மணி நேரம் போய் வருகிறேன் என்று நர்ஸிடம் சொன்னேன். இரவில் தூங்க மருந்து கொடுத்துவிடுவார்கள், பகலில் ஆள் இல்லாவிட்டால் கையைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றார்கள். அவர்கள் துணியை எடுத்ததுமே நீ திமிறினாய். நானே வாங்கிக் கட்டினேன். இழுத்தால் இறுகாத முடிச்சு என்றுதான் அதைப் போட்டேன், அதுவே உனக்கு அடையாளமாகிவிட்டது.

நான் போயிருக்கக் கூடாது. நிச்சயத்தை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கலாம். அன்றைக்கு எல்லாரும் முபாரக் சொல்கிறார்கள், என் கண்ணில் உன் கைதான் நின்றது. மாப்பிள்ளை முகமே எனக்கு ஞாபகமில்லை என்றால் நம்பு.

மன்னிப்புக் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்தவில்லை. ஒன்றுதான் கேட்கிறேன், ஆபரேஷனுக்குப் போ. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். விரிஞ்சிபுரமும் வர மாட்டேன். என்னைப் பார்க்கப் பயம் என்கிறாய், அந்தப் பயத்தைக் கிளப்பவா நான் மூன்று முறை பஸ் ஏறினேன் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

சமீர்


ஆம்பூர்,
24.2.2025

அன்புள்ள மதிக்கும் சுந்தரிக்கும்,

தூபாவின் நிக்காஹ் ஏப்ரல் பதிமூன்று. பத்திரிகை இத்துடன் இருக்கிறது. நேரில் வந்து வைக்காதது மரியாதையில்லைதான், காரணம் உங்களுக்குத் தெரியும்.

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பரவாயில்லை. இன்னும் சில நாளில் நோன்பு தொடங்குகிறது. ஆபரேஷனுக்கு நீ ஒத்துக்கொள்ள வேண்டும் என்று தினமும் துவா கேட்பேன். அதற்கு உன் அனுமதி வேண்டியதில்லை.

சமீருல்லா


விரிஞ்சிபுரம்,
14.3.2025

டேய் சமீர்,

உன் வீட்டில் ஏதுடா பூனை? கௌசர் பாபிக்குப் பூனை என்றாலே தும்மல். தெருவில் போகிற பூனையைக்கூடச் செருப்பால் விரட்டுகிறவர்கள்.

போன திங்கட்கிழமை செக்கப்புக்கு ஆஸ்பத்திரி போனேன். அமிர்தவள்ளி என்னை ஒரு அறைக்குக் கூட்டிப்போய் நோட்டு ஒன்றைக் கையில் வைத்தார். நான் மயக்கத்தில் இருந்த நாட்களில் நடந்ததைத் தினமும் எனக்காக எழுதி வைத்தார்களாம். அதுவும் ஆராய்ச்சியில் சேர்த்தியாம். தொலைந்த நாட்களை நாமே படித்துத் தெரிந்துகொண்டால் கெட்ட கனவு விலகும் என்கிறார்கள். ஆறு மாதத்தில் கொடுப்பது வழக்கமாம். சுந்தரி போய் அழுததால் முன்பே கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் அதைத் தொடவில்லை. நேற்றுத்தான் திறந்தேன். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். நீ மறந்திருக்க மாட்டாய், ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

"அக்டோபர் 8. உங்கள் கைகள் குழாயை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கின்றன. கட்டலாமா என்று கேட்டோம். உங்கள் நண்பர், 'கட்டாதீங்கம்மா, நான் புடிச்சிக்கிறேன்' என்றார். இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தவர். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்."

"அக்டோபர் 10. இன்று உங்கள் நகம் பட்டு அவர் மணிக்கட்டில் ரத்தம் வந்தது. மருந்து போட்டுவிட்டு, கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னோம். 'கிளவுஸ் போட்டா இது என் கைன்னு அவனுக்கு எப்டி தெரியும்?' என்று கேட்டார். 'பொறுடா, இன்னும் கொஞ்ச நேரம்தான்' என்று உங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்."

"அக்டோபர் 13. அவர் இல்லாத நாலு மணி நேரம் உங்கள் கைகள் கட்டப்பட்டிருந்தன. மாலை ஆறு மணிக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை, முதலில் முடிச்சை அவிழ்த்தார். புதுச் சட்டை, அத்தர். உங்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. பயந்து தள்ளினீர்கள். அவர் மூலையில் போய் நின்று அழுதார்."

"அக்டோபர் 14. காலையில் ஷிப்ட் முடிந்து வழக்கமான சட்டையோடு வந்து குனிந்தார். அவர் தோளில் முகத்தைத் திருப்பினீர்கள். உங்கள் நாடித்துடிப்பு குறைந்து, பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டீர்கள். மருந்து எதுவும் கொடுக்கவில்லை."

இப்படிப் பதினோரு நாள் இருக்கிறது சமீர். இரவெல்லாம் டிரம்மில் நின்றுவிட்டுப் பகலெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எப்போதுடா தூங்கினாய்? "கட்டினாயா" என்று கேட்டதற்கு "கட்டினேன்" என்று மட்டும் எழுதினாய். மற்ற பத்து நாளைப் பற்றி ஒரு வரி எழுத உனக்கு என்ன வந்தது? எழுதியிருந்தால் நான் ஒன்றரை மாதம் உன்னைக் குற்றவாளியாக வைத்திருப்பேனா? உன்மேல் இப்போதுதான் எனக்கு நிஜமாகக் கோபம். கட்டைவிரல் ஆடுகிறது.

நேற்று முழுக்க யோசித்தேன். டேனரி வாசனை வந்ததால்தான் டிரம் கனவு வந்தது என்று நினைத்திருந்தேன். நீயும் அப்படி நினைத்துத்தான் தேய்த்துக் குளித்து, அத்தர் பூசி வந்திருக்கிறாய். எனக்குத் தெரியாத ஒரு ஆள் சென்ட் வாசனையோடு வீட்டுக்குள் வந்தால் நான் சுவர்ப் பக்கம் திரும்பாமல் என்ன செய்வேன்? பயமெல்லாம் உன் டேனரி வாசனை இல்லாத நாலு மணி நேரத்துப் பயம்தான்.

நிச்சயத்துக்குப் போனதற்காக இனி ஒரு வார்த்தை வருத்தப்பட்டாலும் உதைப்பேன். தூபா எனக்கும் மகள்தான். நீ போகாமல் இருந்திருந்தால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? ஏப்ரல் பதிமூன்று நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். பையை வேட்டிக்குள் மறைத்துக்கொள்வேன். பாபியிடம் சொல்லி எனக்கு மட்டும் ரசம் சாதம் எடுத்து வைக்கச் சொல். மாப்பிள்ளை முகத்தை இந்தத் தடவையாவது ஒழுங்காகப் பார், பிறகு வேறு பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடப் போகிறாய்.

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டேன். ஏப்ரல் இருபத்தொன்று, திங்கட்கிழமை. மயக்க டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். ஆபரேஷன் முடிந்து நான் கண் விழிக்கும் அறையில் ஒரு ஆள் பக்கத்தில் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். "உங்க மனைவியா?" என்று கேட்டார். சுந்தரி என்னை முந்திக்கொண்டு, "இல்ல டாக்டர், அவரு அண்ணன் வருவாரு. ஆம்பூர்ல இருக்காரு" என்றாள். ஃபாரத்தில் உன் பெயரை எழுதிவிட்டார்கள்.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. நோட்டைப் படித்ததும் எல்லாம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நேற்றும் டிரம் கனவு வந்தது. ஆனால் படுக்கப் போகிறேன்.

அதனால் நீ வர வேண்டும். ஞாயிறு இரவு ஷிப்டுக்கு லீவு போடாதே, போய் நில். காலையில் அங்கிருந்து நேராக வா. கையை அவர்கள் கழுவ வைப்பார்கள், அது போகட்டும். குளிக்காதே. சட்டையை மாற்றாதே. அந்த அத்தர் சீசாவை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடு.

உன்,
மதி