முதலைக்குப் பொறுப்பான ஆள்

26.06.2006, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது கிழமை. விருந்தினர் யாராவது வரவேற்பு மேசையை நோக்கி நடந்து வந்தால், நான் இன்னமும் கணினிக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோல் குனிகிறேன். தேடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை, ஒரு வயரைத் தவிர.

கொலோன் நகரிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு பழைய மணல்குழி ஏரி. அதைச் சுற்றி எழுபது மரவீடுகள், கூடாரங்கள், ஒல்லாந்துக்காரரின் வண்டி வீடுகள். எங்கள் விடுமுறைப் பூங்கா இவ்வளவுதான். ஆறு மாதத் தகுதிகாண் காலம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். பட்டத்தின் பிரதியை அப்பா சட்டம் போட்டு அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். என் ஆய்வு, குளிக்கும் ஏரிகளில் வைக்கும் அறிவிப்புப் பலகைகள் பற்றியது. தொண்ணூற்று நாலு பக்கம். முடிவு: ஏழு சொல்லுக்கு மேல் இருந்தால் ஒருவரும் வாசிப்பதில்லை.

இங்கே இருப்பது ஒரே பலகை. "சொந்தப் பொறுப்பில் குளிக்கவும்." வாசித்துவிட்டு எல்லோரும் குதிக்கிறார்கள்.

பவாரியாவில் சுற்றித் திரிந்த கரடியை இன்று சுட்டுவிட்டார்களாம். வானொலியில் நாள் முழுக்க அதுதான்.

29.06.2006, வியாழன்

ஃப்ராவ் பூட்ஸ் என்ற அம்மையார் தன் குட்டைக்கால் நாயோடு வந்தார். பதினொரு வருடமாகக் கோடை முழுக்க இங்கே தங்குபவர். "ஏரியில் ஒரு மரக்கட்டை மிதக்குது. அது என்னைப் பார்த்தது" என்றார்.

முகாமையாளர் ட்றேசன் சிரித்தார். கெளுத்தி மீனாம், இந்த ஏரியில் ஒரு மீற்றர் நீளத்தில் இருக்கிறதாம். ஃப்ராவ் பூட்ஸ் போனதும் நான் அன்றாடப் பதிவேட்டை எடுத்தேன். பூங்காவில் பூட்டு உடைந்தால், குளவிக் கூடு கண்டால், எல்லாம் எழுதும் பெரிய நீலப் புத்தகம் அது. ட்றேசன் அதன்மேல் கையை வைத்தார்.

"இதை வேண்டாம். எழுதினால் அது இருக்கும்."

மூடிவிட்டேன். என் சொந்தக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: வியாழன், மாலை ஆறரை, சின்ன மரப்பாலத்தடி.

01.07.2006, சனி

இன்னும் இருவர் கண்டிருக்கிறார்கள். ஒரு ஒல்லாந்துக்காரர் கைத்தொலைபேசியில் படம் காட்டினார். சாம்பல் கறை மாதிரித்தான் இருந்தது. ஆனால் கறைக்கு வாலில் முள்வரிசை இருக்குமா?

நூலகத்தில் புத்தகம் பார்த்தேன். கெய்மன். முதலையின் சின்னச் சாதி. யாரோ குளியல் தொட்டியில் வளர்த்து, தொட்டி போதாமல் போனதும் காரில் கொண்டுவந்து விட்டிருக்கவேண்டும்.

மாலையில் அப்பா மீன் பிடிக்க வந்தார். பாண் சுடும் தொழிற்சாலையில் அதிகாலை வேலை உள்ள நாளெல்லாம், தூங்கி எழும்பிப் பின்னேரம் இங்கே வருவார். மீன்பிடி அனுமதி அட்டைக்கான சோதனையில் மூன்றாந்தரம்தான் பாஸ் பண்ணினார். அந்த அட்டை அவருடைய பணப்பையில் அடையாள அட்டைக்கும் முன்னால் இருக்கிறது. பிடித்ததை அங்கேயே சுத்தம் செய்துதான் வீட்டுக்குக் கொண்டுபோவார். அம்மாவுக்கு அதில் ஒரு குறை: "மீன் பிடிக்கப் போறாராம். மகள் மேசையில இருக்கிறாளோ எண்டு பாக்கப் போறார்."

04.07.2006, செவ்வாய்

ட்றேசன் வெளியே போன நேரம் தொலைபேசியை எடுத்தேன். பேசவேண்டியதை முதலே தாளில் எழுதி வைத்துக்கொண்டேன், "வணக்கம்" உட்பட.

ஊராட்சி: ஏரி மணல் கம்பனிக்குச் சொந்தம்.
மணல் கம்பனி: கரையை உங்கள் பூங்காவுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம்.
பூங்கா, அதாவது நேற்று ட்றேசன்: கரை எங்களுடையது, தண்ணீர் மீன்பிடிக் கழகத்துடையது.
மீன்பிடிக் கழகம்: அது மீன் இல்லையே.
விலங்குக் காப்பகம்: பெட்டியில் போட்டுக் கொண்டுவாருங்கள், நாலு மணிவரை திறந்திருக்கும்.

எல்லோரும் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள்.

இரவு உலகக் கிண்ண உதைபந்தாட்ட அரையிறுதி. ஐந்து மணியிலிருந்தே எல்லோரும் பெரிய திரைக்கு முன்னால் இடம் பிடித்துவிட்டார்கள். தண்ணீரில் ஒருவரும் இல்லை. நிம்மதி.

05.07.2006, புதன்

இத்தாலியிடம் தோற்றுவிட்டோம். காலையில் முட்டையைப் பற்றிக்கூட ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை.

09.07.2006, ஞாயிறு

தமிழ்ச் சங்கத் தலைவர் வின்சன்ற் மாமா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். சங்கத்தின் கோடை ஒன்றுகூடல் 22ஆம் திகதி, எங்கள் ஏரியில். நூற்று நாற்பது பேர், இரண்டு பஸ். இடத்தைச் சொன்னதே அப்பாதான், "என்ர மகள் வேலை செய்யிற இடம்" என்று.

"மாமா, ஏரிக்குள்ள ஒரு முதலை இருக்குது போல."

"என்ன சைஸ்?"

"ஒரு மீற்றருக்கு மேல."

"அது பல்லி, பிள்ளை. ஊரில ஷெல்லடிக்குள்ளால வந்த சனம், பல்லிக்குப் பயந்து ஒன்றுகூடலை நிப்பாட்டினது எண்டு டோர்ட்முண்ட் சங்கத்துக்காரர் கேள்விப்பட்டா என்ன கதைப்பினம்?"

"பிள்ளையள் குளிப்பினம், மாமா."

"உங்கட ஆக்கள் முதலை எண்டு போர்ட் வைச்சிருக்கினமோ?"

"இல்லை."

"அப்ப இல்லை. இருந்தா ஜேர்மன்காரன் போர்ட் வைச்சிருப்பான்."

 என் ஆய்வின் தொண்ணூற்று நாலு பக்கத்திலும் இப்படி ஒரு வாதம் இல்லை.

13.07.2006, வியாழன்



ஆறரை மணிக்கு வேலை முடிந்து கரைவழியாகப் போனேன். அப்பா அப்போதுதான் தூண்டிலைக் காரில் வைத்துக்கொண்டிருந்தார். மரப்பாலத்துக்குப் பக்கத்தில், சின்னப் பிள்ளைகள் குளிக்கும் மணல்கரை. ஒரு ஒல்லாந்துப் பெண்பிள்ளை, நாலு வயதிருக்கும், முழங்கால் தண்ணீரில் வாளியோடு நின்றாள். அவளுக்கு முன்னால், மூன்று மீற்றரும் இல்லை — இரண்டு கண்ணும் மூக்கும். ஆடாமல் அசையாமல்.

கத்தினேன். "வெளிய வா! ஓடி வா, வெளிய வா!" தமிழில் கத்தியிருக்கிறேன். ஜேர்மன் வரவேயில்லை. பிள்ளைக்கு ஒன்றும் விளங்கியிராது, பயந்து அழுதுகொண்டு ஓடிவந்தாள். தாய் வந்து என்னை முறைத்தாள். திரும்பிப் பார்த்தால் தண்ணீரில் ஒன்றுமில்லை. ஒரு வளையம் மட்டும் விரிந்து போனது.

ட்றேசனிடம் சொன்னேன். "நாளைக்கு நான் கவனிக்கிறேன்" என்றார். வாயால் சொன்னார். பதிவேட்டைத் திறக்கவில்லை.

ஏன் எப்போதும் அந்த இடம்? என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். பதினொரு தரம் கண்டிருக்கிறார்கள். எல்லாம் ஆறரையை ஒட்டி. எல்லாம் மரப்பாலத்தடி. எல்லாம் செவ்வாய், வியாழன், சனி.

செவ்வாய், வியாழன், சனி. அப்பாவுக்கு அதிகாலை வேலை.

14.07.2006, வெள்ளி

அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, மீன் வெட்டிற குடலை எங்க போடுறனீங்கள்?"

"தண்ணிக்கதான். வேற எங்க? குப்பைத் தொட்டிக்க போட்டா நாறும்."

"அந்தப் பாலத்திலயோ?"

"ஓம். நல்ல தட்டையான பலகை. கழுவவும் லேசு. தண்ணியில வந்தது தண்ணிக்குப் போகுது, ஆருக்கு நட்டம்?"

நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து நாட்களைக் காட்டினேன். இரண்டுதரம் பார்த்தார். பிறகு கோப்பையை வைத்தார்.

"அப்ப ரெண்டு கிழமையா நான் அதுக்குச் சாப்பாடு குடுத்திருக்கிறனோ?"

"ஓம் அப்பா."

அம்மா அடுப்படியிலிருந்து: "எனக்கு ஒருநாள் ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்திருப்பாரோ, கேள்."

அப்பா சிரிக்கவில்லை. இனிப் போடமாட்டேன், அதோடு முடிந்தது என்றார். முடியாது என்றேன். மனிதர் நின்றால் சாப்பாடு வரும் என்று அது பழகிவிட்டது. இனி அங்கே நிற்கப்போவது பிள்ளைகள். எழுதிக் கொடுக்கவேண்டும் என்றேன்.

"என்ர பேரோடயோ?"

"பேரில்லாட்டி, ஏன் அந்த இடம், ஏன் அந்த நேரம் எண்டு சொல்லேலாது. கெளுத்தி எண்டு திரும்பவும் சொல்லுவினம்."

"மீனின்ர குடல் தண்ணிக்க போடக்கூடாது எண்டு சோதனையிலயே கேட்டவங்கள். அட்டையைப் பறிப்பாங்கள்." கொஞ்சம் பொறுத்து, "உன்ர வேலையும் போகும்."

அதுவும் தெரியும்.

அறைக்கு வந்து யோசித்தேன். யார் பொறுப்பு? கொண்டுவந்து விட்டவனா? சாப்பாடு கொடுத்தவரா? பலகை வைக்காதவரா? முதலாமவன் யாரென்றே தெரியாது. இரண்டாமவருக்குத் தான் செய்ததே தெரியாது. மூன்றாமவருக்குத் தெரிய விருப்பமில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு 22ஆம் திகதி நூற்று நாற்பது பேரை மேசையில் வரவேற்கப்போகிறவள் நான்.

15.07.2006, சனி

காலை ஏழே கால். பதிவேட்டில் எழுதினேன். பதினொரு தடவைகள், நாள், நேரம். வாளிப் பிள்ளை. காரணம்: லோறன்ஸ் என்ற மீன்பிடி அட்டைக்காரர் மரப்பாலத்தில் மீன்குடலைத் தண்ணீரில் வீசி வந்தது. கீழே: மேற்படியார் என் தந்தை. கையெழுத்து, யூலியா லோறன்ஸ். ஊராட்சியின் ஒழுங்குப் பிரிவுக்குத் தொலைநகலில் ஒரு பிரதி. யந்திரம் தாளை இழுக்கும்போது ஒருதரம் சிக்கியது. நானே சரிசெய்து அனுப்பினேன்.

ட்றேசன் எட்டு மணிக்கு வந்து நின்றபடியே வாசித்தார்.

"உங்கள் தந்தையா?"

"ஆம்."

"இந்த வசனத்தை விட்டிருக்கலாம்."

"ஆம்."

பதிவேட்டில் கடைசிக் கட்டம், "நடவடிக்கை எடுத்தவர்". அது வெறுமையாக இருந்தது. அந்தக் கட்டத்தை அவர் கனநேரம் பார்த்தார். பிறகு அறைக்குள் போய்ச் சிவப்பு வெள்ளை நாடாவோடு வந்தார். குளிக்கும் கரை முழுவதையும் தன் கையாலேயே கட்டினார், முப்பத்திரண்டு பாகை வெயிலில். திரும்பி வந்து கட்டத்தில் தன் பெயரை எழுதினார். 

விருந்தினர் முணுமுணுத்தார்கள். நாலு குடும்பம் பெட்டி கட்டிப் போய்விட்டது. வாளிப் பிள்ளையின் தாய் மட்டும் மேசைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் குனியவில்லை.

16.07.2006, ஞாயிறு

அப்பா என்னோடு கதைக்கவில்லை. பூசைக்குக் காரில் போகும்போதும். பகல் சாப்பாட்டில் அம்மா: "கொப்பர் கேக்கிறார் உப்பு எங்கயாம். உப்பு அவருக்கு முன்னாலதான் இருக்குது. அதையும் அவரிட்டச் சொல்லு."

18.07.2006, செவ்வாய்

தீயணைப்புப் படை இரண்டு நாளாகக் கோழி வைத்த கூண்டோடு காத்திருக்கிறது. கோழி நாறுகிறது. முதலை வரவில்லை. அதைக் கண்ட நாங்கள் பொய் சொன்னவர்கள்போல் நடமாடுகிறோம். ஊர்வன வளர்க்கும் நிபுணர் ஒருவர் வந்து என் பட்டியலை வாசித்தார். "இதற்குக் கோழி பழக்கமில்லை. அந்த மனிதரைக் கூப்பிட முடியுமா?"

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா எடுத்து அப்பாவிடம் சொல்ல, பின்னால் அப்பாவின் குரல்: "அரசாங்கம் கேக்குதோ, அவள் கேக்கிறாளோ எண்டு கேள்."

"அரசாங்கம்" என்றேன்.

20.07.2006, வியாழன்

அப்பா பூசைக்குப் போடும் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த நிபுணர் வாங்கிவைத்த மீன்களைப் பார்த்து, "சந்தை மீன்" என்று முகத்தைச் சுளித்தார். பாலத்தில் குந்தி, வழக்கம்போல் வெட்டினார். பின்னால் ஏழு தீயணைப்பு வீரர்கள் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

ஆறு முப்பத்து நாலுக்கு வந்தது. நேரே அப்பாவிடம். சுருக்குக் கயிறு, ஒரு துள்ளல், எல்லோருக்கும் நனைந்தது. ஒரு மீற்றர் இருபத்தெட்டு. வாயைச் சுற்றி ஒட்டுப்பட்டி. கொஞ்சம் மெலிந்திருந்தது.

அப்பா அந்த நிபுணரிடம் தன் ஜேர்மனில் ஒன்றே ஒன்று கேட்டார்: "போகிற இடத்தில் மீன் கொடுப்பீர்களா?"



22.07.2006, சனி

ஒன்றுகூடல் நடந்தது. ஏரி இன்னும் மூடியிருக்கிறது, அதனால் புல்வெளியில். சாக்கோட்டம், கயிறிழுத்தல், இடியப்பப் புரியாணி. வின்சன்ற் மாமா ஒலிவாங்கியில்: "ஏரிக்குள்ள முதலை நிக்குது, பிள்ளையளை இறக்காதேங்கோ எண்டு நான் அப்பவே சொன்னனான்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.

02.08.2006, புதன்

ஊராட்சியின் கடிதம் வந்தது. முதல் தகவல் கிடைத்த அன்றே குத்தகைக்காரர் கரையை மூடியிருக்கவேண்டும் என்று இருக்கிறது. ட்றேசன் அதை வாசித்துவிட்டு என் மேசையில் வைத்தார். "உங்கள் ஆய்வை நாளைக்குக் கொண்டுவாருங்கள்" என்றார். தொண்ணூற்று நாலு பக்கமும் வாசிப்பாராம். தகுதிகாண் காலம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 

12.08.2006, சனி

மீன்பிடிக் கழகத்தில் அப்பாவின் விசாரணை. மொழிபெயர்க்க யாரையாவது கூட்டிவரலாம் என்று கடிதத்தில் இருந்தது. சங்கத்தில் நல்ல ஜேர்மன் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காலையில் அப்பா என் அறை வாசலில் நின்றார். "பத்து மணிக்கு. வெளிக்கிடு." நாலு கிழமைக்குப் பிறகு என்னிடம் நேரே சொன்னது.

ஐந்து பேர், நீள மேசை. அவர்கள் கேட்கும் முன்னமே அப்பா பணப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "போட்டது நான்தான். விதி தெரியும். அது பிழை" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அடுத்த ஏப்ரல்வரை அட்டை கிடையாது, பிறகு திரும்பத் தரலாம் என்றார்கள்.

எழும்பும்போது கழகத் தலைவர் தாளைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அறிவித்தவர் பெயரும் லோறன்ஸ் என்று இருக்கிறது. சொந்தக்காரரா?"

நான் வாயைத் திறக்கும் முன் அப்பா ஜேர்மனில் சொன்னார்: "என் மகள். இவள்தான்."

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். "அவரையா மொழிபெயர்க்கக் கூட்டிவந்தீர்கள்?"

அப்பா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "சொல்லு இவையளுக்கு. வேற ஆரைக் கூட்டிக்கொண்டு வாறது? இவள் எனக்காகக்கூட ஒரு சொல் மாத்திச் சொல்லமாட்டாள்."

அதையும் நான்தான் மொழிபெயர்க்கவேண்டும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், ஒரு சொல்லும் மாற்றாமல்.