நனைந்த சேலை

சுங்குவார்சத்திரம், 12.6.1991

தம்பி யாகப்பனுக்கு அக்காவின் அன்பு. முழங்கால் வலி தேவலையா?

பேதியாகி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்ற நான் மறுத்தேன் என்று உன் மகள் ஷீபா ஊரில் சொன்னாளாம். தவறு. அதை எழுதிக் கொடுப்பவர் டாக்டர், நான் நர்ஸ். கண் குழிந்திருந்தாலும் பிள்ளை கொடுத்ததை விழுங்கியது. ஆகவே உப்புச்சர்க்கரைக் கரைசல் போதும், மயங்கினால் ஏற்றலாம் என்றார் அவர்.

தாய் மீனம்மாள், “தண்ணி குடுத்தா இன்னும் போவும்னு நிறுத்திட்டேன். பாட்டில் ஏத்தும்மா! ஸ்பூன வச்சிக்கினு இன்னா வெளாட்டு?” என்று சண்டை பிடித்தாள். நான் பிள்ளையை மடியில் வைத்து விடாமல் ஊட்டினேன். மாலையில் பார்த்தால், கஞ்சி போட்ட என் வெள்ளைச் சேலை முழுக்க மூத்திரம்.

“ஐயோ, சிஸ்டர் பொடவ!” என்று அவள் பதறினாள். பிள்ளை மூத்திரம் போனால் உடம்பில் நீர் ஏறிவிட்டது என்று அர்த்தம்; அதற்காகத்தானே காத்திருந்தேன்!

அங்கே வீட்டுப் பெட்டியிலுள்ள என் சேலைகளில் இரண்டை அனுப்பு. பதிலை ஷீபாவிடம் சொல்லி அனுப்பாதே; கடிதமாக எழுது.

அக்கா,
அந்தோணிமேரி