தலையணைப் பிள்ளைத்தாச்சி

என் சுண்டெலிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் பாதிப் பொய். நீ சுகமா என்று கேட்க வழியில்லை. நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. எந்த விலாசத்துக்கு என்று உன் மருமகன் மெதுவாகக் கேட்டார். முதலில் எழுதி முடிக்கிறேன், பிறகு பார்ப்போம் என்றேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். உன் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். வயிறு இறங்கிவிட்டது. பசி நன்றாக இருக்கிறது. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கண்டாலும் மாப்பிள்ளை துணியோடு ஓடி வருகிறார். பிழியத் தெரியாமல் துடைப்பதால் ஈரம் இன்னும் பரவுகிறது. அதை நான் சொல்லவில்லை, பாவம்.

ஆனால் உன் மகள் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறாள். போன தடவை வாசல் வரைக்கும் வந்து, வண்டியை விட்டு இறங்காமலே திரும்பிவிட்டாள். கால் வேறு வீங்கியிருக்கிறது. நீ கடைசியாகப் படுத்திருந்த வார்டு வேறு, பிரசவ வார்டு வேறு, அந்தப் பக்கமே நாம் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "வாசல் ஒண்ணுதானே பெரியம்மா" என்கிறாள். உன் இடத்துக்கு வந்திருக்கிற நர்ஸ் நல்ல பெண். வீடு தேடி வந்து பொறுமையாகப் பேசினாள். இவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நர்ஸ் படி இறங்கியதும் இவள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் பேசப் பேச உன் புதன்கிழமை வகுப்புதான் என் கண்ணுக்குள் நின்றது. தலைப்பிரசவக்காரிகளுக்கென்று நீ கேட்டு வாங்கிய அந்த மாடி அறை. போனதும் மேஜையைச் சுவரோரம் தள்ளுவாய். நடுவில் மேஜை இருந்தால் யாரும் மனசைத் திறக்க மாட்டார்கள் என்பாய். நான் கீழே ஆஸ்பத்திரிச் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருப்பேன். மாடியிலிருந்து "அக்கா, உனக்கு வலி வந்தாச்சு, ஏறி வா" என்று கத்துவாய். ஊருக்கெல்லாம் நீ சிஸ்டர். எனக்கு மட்டும் வேலை வாங்குகிற தங்கச்சி.

வயிற்றில் தலையணையைக் கட்டி என்னைப் பாயில் படுக்க வைப்பாய். இடுப்பை எங்கே அழுத்த வேண்டும், எப்போது மூச்சை விட வேண்டும், எல்லாம் என் உடம்பில்தான் காட்டுவாய். நானும் சும்மா இருப்பேனா? ஒரு நாள் நான் போட்ட கூச்சலில் புதுசாக வந்த டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஓடி வந்துவிட்டார். தலையணை நழுவிக் கீழே விழுந்ததும், "சுகப்பிரசவம் டாக்டர், பஞ்சுக் குழந்தை" என்றாய். அந்த அறையே சிரித்தது. அதுவரை வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, சிரித்து முடித்த கையோடு அழுதுகொண்டே தன் பயத்தைச் சொன்னாள். வலியை நினைத்து இல்லையாம், கத்திவிட்டால் மாமியார் கேலி செய்வாளே என்றுதான் பயமாம். "மாமியாரும் கத்தித்தானே உன் புருஷன் வந்தான்" என்றாய். வலிக்காது என்று மட்டும் நீ யாரிடமும் சொன்னதில்லை. வலிக்கும், வந்துவிட்டுப் போகும், போகிற நேரத்தில் ஓய்வெடு, நான் பக்கத்தில் இருப்பேன் என்பாய். இருக்கவும் செய்தாய்.

இன்றைக்கு மத்தியானம் எனக்கு வேறு வழி தோன்றவில்லை. இந்த வயசில் தலையணையைக் கட்டிக்கொண்டு அவள் கட்டிலோரம் தரையில் படுத்தேன். கத்தினேன். மாப்பிள்ளை பயந்து ஓடி வந்தார். உன் மகள் சிரிக்கவில்லை. கட்டிலைப் பிடித்து மெல்லத் தரையில் இறங்கி, என் இடுப்பில் கை வைத்து அழுத்தினாள். அப்படியே உன் கை, சுண்டெலி. மூச்சைத் தப்பாக விடுறீங்க பெரியம்மா என்று திருத்தினாள். பிறகுதான் அழுதாள். நீ போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

அழுகை அடங்கியதும் என்னிடம் ஒன்று கேட்டாள். "நான் பிறக்கிறப்ப அம்மா பயந்தாங்களா? ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னாங்களே, அவங்களுக்கு எப்படி இருந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க, நாளைக்கு உங்க கூட வர்றேன்" என்றாள்.

எனக்குத் தெரியவில்லையே. அப்போது நான் வேலைக்காக வேறு ஊரில் இருந்தேன். போனில் நீ சொன்னது, "பெண் குழந்தை அக்கா, மூக்கு உன்னை மாதிரி", அவ்வளவுதான். நான் வந்து சேர்ந்தபோது குழந்தைக்குத் தலை நின்றுவிட்டது. அப்புறம் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. ஏதாவது கட்டிச் சொல்லலாம்தான். ஆனால் பொய் சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும், அது உனக்கே தெரியும். நாளைக்குக் காலையில் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். இப்போது சாயங்காலம். அவள் உள்ளே தூங்குகிறாள்.

தாயும் பிள்ளையும் இரண்டாக வேண்டும். எங்கே இருந்தாலும் அவள் தலைமாட்டில் வந்து நில். வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை. இதை மட்டும் சொல்லிவிடு, என் கண்ணே. அவளைப் பெற்ற அன்றைக்கு உனக்குப் பயமாக இருந்ததா? உன் கையை யார் பிடித்திருந்தார்கள்?

உன் அக்கா