எட்டாத மேல்தட்டு

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் குள்ளச்சி எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசி வரை படி. பதினைந்து வருடம் கழித்து எழுதும் அவசரத்தில் கையெழுத்து கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும்.

நேற்று நாற்பதாவது புத்தகக் கடையைத் திறந்துவிட்டேன்! ரிப்பன் வெட்டியதும் உள்ளே வந்த முதல் ஆள் நேரே ஸ்டூலைத் தேடி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. தச்சு வேலையில் உன்னை அடிக்க ஆளில்லை. ஆனால் முதல் கடைக்கு என்ன செய்தாய்? ஆறடி ஆள், உன் கைக்கு அளவெடுத்து அலமாரியின் மேல்தட்டை வைத்துவிட்டாய். எனக்கு எட்டவே இல்லை. உன்னைத் திட்டிக்கொண்டே ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். நான் ஏறுவதற்கு முன்னால் யாராவது அதில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார்கள். எழுப்ப மனசு வராது. உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் வாங்கினார்கள். இன்றைக்கு எல்லாக் கிளைகளிலும் ஸ்டூல்தான் எங்கள் அடையாளம்.

விஷயத்துக்கு வருகிறேன். கடைகள் சம்பாதித்ததில் பாதியை எடுத்து நூறு பள்ளிகளில் நூலகம் அமைக்கப் போகிறேன். அலமாரி எல்லாம் நீதான் செய்ய வேண்டும். மாட்டேன் என்று சொல்லிவிடாதே. அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

குள்ளச்சி

மார்ச் 11

குள்ளச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். நாற்பது கடைக்கும் வாழ்த்து.

அலமாரிக்கு அந்த இரும்பு கம்பெனியையே கேட்கலாமே. உன் இரண்டாவது கடைக்காகப் பலகைகளை இழைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். லாரியில் இரும்பு அலமாரிகள் வந்து இறங்கியதைத் தெருவில் நின்று பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அண்ணன்

மார்ச் 16

அண்ணா,

திட்டியாவது எழுதினாயே! கடிதத்தைப் பிடித்துக்கொண்டு குடோன் முழுக்க ஓடினேன். "என்ன மேடம், இன்னொரு கடையா?" என்றார் மேனேஜர். "இல்லப்பா, எங்கண்ணன் என்னைத் திட்டி லெட்டர் போட்டிருக்காரு!" என்றேன்.

தப்பு என்னுடையதுதான். திறப்பு நாள் நெருங்கிவிட்டது, உன்னால் அதற்குள் முடியாது என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் உன் முகத்தில் விழிக்க வெட்கம். வருடங்கள் ஓடிவிட்டன. மன்னித்துவிடு.

இந்த வேலை இரும்பு கம்பெனியால் ஆகாது. ஒரு பள்ளியில் எங்கள் கடை அலமாரியை வைத்துப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எம்பி எம்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் டீச்சரோட புக்கு போல" என்று நகர்ந்துவிட்டாள். ஆடிப்போய்விட்டேன். மேல்தட்டு எட்டாமல் அல்லாடிய எனக்கே இது தோன்றவில்லையே! வருவாயா, மாட்டாயா? ஒரு வரி போதும்.

உன் குள்ளச்சி

ஏப்ரல் 9

அன்புள்ள குள்ளச்சிக்கு,

ஒரு வரியில் எப்படி முடியும்? பதில் தாமதமானது கோபத்தால் இல்லை, வேலையால்.

உன் கடிதம் வந்த மறுநாளே எங்கள் தெருப் பள்ளிக்குப் போய்விட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரையும் சுவரோரம் நிற்கவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, பென்சிலால் குறித்தேன். உன் அண்ணி நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு வாண்டு குதிகாலைத் தூக்கி ஏமாற்றினான். "கீழ இறக்குடா" என்றேன். "இறக்கினா எனக்கு எட்டாதே தாத்தா!" என்றான். அவனைவிடக் குட்டையாக ஒரு பெண் இருந்தாள். அவள் கை தொட்ட இடம்தான் இனி மேல்தட்டு.

முதல் அலமாரியை நேற்று அந்தப் பள்ளியில் கொண்டுபோய் வைத்தேன். பிள்ளைகள் முதலில் காலி செய்தது மேல்தட்டைத்தான்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து ஸ்டூல் செய்ய உட்கார்ந்தேன். "அதான் எட்டுதே, ஸ்டூல் எதுக்கு?" என்று உன் அண்ணி கேட்டாள். "உக்காந்து படிக்க வேணாமா?" என்றேன். அலமாரிக்கு ஆறு ஸ்டூல் வீதம் செய்யப் போகிறேன்.

அளவெடுக்கும்போதுதான் உறைத்தது. முதல் கடைக்கு அளவெடுத்த அன்றைக்கு உன்னையும் ஒரு தடவை கையைத் தூக்கச் சொல்லியிருக்கலாம். நானும்தான் உன்னைக் கேட்கவில்லை.

இரண்டாவது கடைக்காக இழைத்த அந்தப் பலகைகள் அப்படியே இருக்கின்றன, யாருக்கும் கொடுக்கவில்லை. உன் வீட்டுக்கு ஒரு அலமாரி செய்யப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து சுவரோரம் நின்று கையைத் தூக்கு. குதிகாலைத் தூக்கக் கூடாது.

உன் அண்ணன்