மத்தியானம் மாமா வருவான்

ரூபீனா,

உன் மாமா இஷ்ஃபாக் நமக்குத் தரவேண்டியது அறுநூற்று நாற்பது பவுண்டு. மத்தியானம் மாமியோடு வருகிறான். நான் சலவை ஆலைக்குப் போகிறேன். நேரில் சொல்லலாம் என்றால் நீ இன்னும் அறைக் கதவைத் திறக்கவில்லை.

"ரூபீனாவோட கனடா கம்பெனி சம்பளம் என் கணக்குக்கு வரட்டும் அக்கா, டாலர மாத்துற கூலி மிச்சம்" என்று அவன் சொன்னபோது நீ வேண்டாம் என்றாய். தம்பியாயிற்றே என்று நான்தான் சம்மதித்தேன். மாதாமாதம் அதில் கிள்ளிக்கொண்டான். சட்டம் கேட்பதைவிட நீ அதிகம் சம்பாதித்தும், உன் பெயரில் ஆறு மாத வரவு இல்லை என்று உன் புருஷன் ஜுனைது இங்கே வர விசா மறுத்துவிட்டார்கள். நான் கேட்டதற்கு, "நேத்துதான் எழுத்துக் கூட்ட ஆரம்பிச்ச உனக்கு விசா சட்டம் தெரியுமாக்கும்?" என்று சிரித்தான்.

இப்போது உன் கணக்கிலேயே ஆறாவது சம்பளமும் வந்துவிட்டது. அவன் வருமுன் விண்ணப்பத்தை அனுப்பிவிடு. "நான் ஒரு தடவ பாக்குறேம்மா" என்பான். காட்டாதே.

அடுப்பில் இருக்கும் கீமா உனக்கு. அவனுக்குத் தேநீர் போதும். சர்க்கரை போடாதே.

அம்மா

மறந்துவிட்டேன். அவன் வேனோடு வருவது, நம் கொட்டகையில் போட்டு வைத்திருந்த தன் பெரிய ஃப்ரீசரை எடுக்க. நேற்றே எழுநூறுக்கு விற்றுவிட்டேன். உன் அறுநூற்று நாற்பதை இந்தச் சீட்டோடு கதவுக்கடியில் தள்ளுகிறேன். மீதி அறுபது கெட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாமி பார்க்க எண்ணிக் கொடுத்து, "உங்க கணக்கு முடிஞ்சுது மாமா" என்று சொல்.